வாஷிங்டன் - ஒரு குடும்பப் பெயர் கடந்து வந்த பாதை

வாஷிங்டன் என்றவுடன் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் தலைநகரம். அடுத்தது முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன். ஒரு டாலர் நோட்டில் இருக்கும் முகம். ஆனால் இந்தப் பெயர் அமெரிக்காவில் பிறந்தது அல்ல. வட இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமத்தின் பெயராகத் தொடங்கி, ஒரு நிலக்கிழாரின் பெயராக மாறி, கம்பளி வியாபாரியிடமும் பாதிரியாரிடமும் இருந்து, கப்பல் ஏறி அட்லாண்டிக் கடலைத் தாண்டிய பெயர் இது.

அதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. 2000-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் 1,63,036 பேர். அவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் கறுப்பின மக்கள்! அசல் ஆங்கிலேயக் குடும்பத்தின் பெயர், அந்தக் குடும்பம் அடிமைகளாக வைத்திருந்த மக்களின் பெயராக மாறியது எப்படி? இந்தக் கேள்விக்கான பதில் 800 ஆண்டுகளுக்கு மேல் நீளும் ஒரு கதை.

ஆங்கிலேயக் குடும்பப் பெயர்கள் வந்த விதம்

பழங்கால இங்கிலாந்தில் சாதாரண மக்களுக்கு ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. ஊரில் நான்கு ஜான்கள் இருந்தால் எந்த ஜான் என்று சொல்ல ஓர் அடையாளம் தேவைப்பட்டது. 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, நிலம், வரி, வாரிசுரிமை எல்லாம் எழுத்தில் ஏறின. அப்போது இந்த அடையாளப் பெயர்களும் ஆவணங்களில் நிலைத்தன.

இவற்றைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிப்பார்கள். தொழிலால் வந்தவை ஒரு வகை: ஸ்மித் (கொல்லர்), டெய்லர் (தையல்காரர்). தந்தையின் பெயரால் வந்தவை இன்னொரு வகை: ஜான்சன் (ஜானின் மகன்). உருவத்தையோ குணத்தையோ வைத்து வந்த பட்டப்பெயர்கள் மூன்றாவது: ஷார்ட் (குள்ளமானவர்), பிரவுன் (பழுப்பு நிறத்தவர்). ஊராலும் இடத்தாலும் வந்தவை நான்காவது வகை. வாஷிங்டன் இந்த நான்காவது வகையைச் சேர்ந்தது.

1400 வாக்கில் பெரும்பாலான ஆங்கிலேயர்களுக்குத் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு வரும் நிரந்தரக் குடும்பப் பெயர் அமைந்துவிட்டது. அதற்கு முன்பு குடும்பப் பெயர் என்பது கிட்டத்தட்ட ஒரு முகவரி போலத்தான். வீடு மாறினால் பெயரும் மாறும்.

நிலத்தை மாற்றியவர் பெயரையும் மாற்றினார்

வட இங்கிலாந்தில் டர்ஹாம் பகுதியை ஆண்டவர் அங்கிருந்த பிஷப். பெயரளவில் மதகுரு என்றாலும், அரசருக்கு நிகரான அதிகாரங்கள் அவரிடம் இருந்தன. 1086-இல் இங்கிலாந்து முழுவதும் நிலங்களைக் கணக்கெடுத்துத் தொகுத்த 'டூம்ஸ்டே புத்தகம்' டர்ஹாம் பகுதிக்குள் நுழையவே இல்லை. அதனால் 1183-இல் டர்ஹாம் பிஷப் ஹியூ டி பியூசே தன் நிலங்களுக்குத் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்தினார். 'போல்டன் புத்தகம்' என்று அழைக்கப்படும் அந்த ஆவணத்தில்தான் இந்தக் குடும்பத்தின் முதல் தடம் கிடைக்கிறது.

வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்பவர், தன்னிடம் இருந்த ஹெர்ட்பர்ன் நிலத்தைப் பிஷப்பிடம் கொடுத்துவிட்டு அதற்குப் பதிலாக வெஸ்ஸிங்டன் என்ற ஊரைப் பெற்றிருந்தார். ஆண்டுக்கு 4 பவுண்டு கட்ட வேண்டும். பிஷப் பெருவேட்டைக்குப் போகும்போது 4 வேட்டை நாய்களுடன் கூடப் போக வேண்டும். இவைதான் நிபந்தனைகள். ஊர்க் கோயிலும் அதற்குரிய நிலமும் ஒப்பந்தத்தில் சேராது.

'டி' என்றால் பிரெஞ்சில் 'இன்ன ஊரைச் சேர்ந்த' என்று பொருள். ஊர் மாறியதும் வில்லியம் டி ஹெர்ட்பர்ன், வில்லியம் டி வெஸ்ஸிங்டன் ஆனார். இந்த ஒரு நிலப் பரிமாற்றம் மட்டும் நடக்காமல் போயிருந்தால் இன்று அமெரிக்காவின் தலைநகருக்கு ஹெர்ட்பர்ன் என்று பெயர் இருந்திருக்கலாம்!

ஊரின் பெயர் அதைவிடப் பழையது. ஹ்வாசா என்ற ஆங்கிலோ-சாக்சன் மனிதரின் பண்ணை அல்லது குடியிருப்பு என்பதே அதன் பொருள் என்று ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் ஊர்களின் பெயர்கள் 'பட்டி', 'ஊர்' என்று முடிவதைப் போல, ஆங்கில ஊர்ப்பெயர்களின் இறுதியில் வரும் 'டன்' குடியிருப்பைக் குறிப்பது. அந்த ஹ்வாசா யார், என்ன செய்தார் என்பதெல்லாம் காலத்தில் கரைந்துவிட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

கம்பளியும் பாதிரியாரும்

வெஸ்ஸிங்டன் என்பது நூற்றாண்டுகள் போகப்போக எழுதுபவரின் கைக்கு ஏற்ப மாறி, கடைசியில் வாஷிங்டன் ஆனது. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவராகக் கருதப்படும் ஜான் வெஸ்ஸிங்டன் 1416 முதல் 1446 வரை டர்ஹாம் மடத்தின் தலைவராக இருந்தார். ஊரில் இருந்த மூலக் கிளை மட்டும் 1400 வாக்கில் ஆண் வாரிசு இல்லாமல் முடிந்தது. பண்ணை திருமண உறவால் வேறு குடும்பத்துக்குப் போய்விட்டது. ஆனால் அதற்குள் பெயர் முகவரி என்ற நிலையைத் தாண்டி நிரந்தரமாகியிருந்தது. வாஷிங்டன் ஊரில் ஒரு பிடி நிலம்கூட இல்லாத வாஷிங்டன்கள் லங்காஷயர் பக்கம் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

அப்படிப்பட்ட ஒரு கிளையில், வார்ட்டன் என்ற ஊரில் பிறந்தவர் லாரன்ஸ் வாஷிங்டன். அவர் தெற்கே நார்தாம்ப்டன் நகரத்துக்குப் போய்க் கம்பளி வியாபாரத்தில் இறங்கினார். அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் செல்வமே ஆட்டின் முதுகில்தான் இருந்தது. லாரன்ஸ் நன்றாகச் சம்பாதித்தார். 1532-இலும் 1545-இலும் அந்த நகரத்தின் மேயராக இருந்தார்.

அதே சமயத்தில் எட்டாம் ஹென்றி மன்னர் போப்பாண்டவருடன் உறவை முறித்துக்கொண்டு, கத்தோலிக்க மடங்களை மூடி அவற்றின் நிலங்களை விற்றுக்கொண்டிருந்தார். பணம் கையில் இருந்த வியாபாரிகளுக்கு அது பெரிய வாய்ப்பு. 1539-இல் லாரன்ஸ், ஒரு மடத்துக்குச் சொந்தமாக இருந்த சல்கிரேவ் பண்ணையை 324 பவுண்டுக்குச் சற்று அதிகமாகக் கொடுத்து வாங்கினார். அங்கே கட்டிய மாளிகையின் நுழைவாயிலில் குடும்பச் சின்னத்தைப் பொறித்தார். இரண்டு பட்டைகள், அவற்றின் மேலே மூன்று நட்சத்திரங்கள். அமெரிக்கக் கொடி இதிலிருந்துதான் வந்தது என்று பலர் சொல்வதற்குச் சான்று கிடையாது. ஆனால் 1938-இல் ஏற்கப்பட்ட வாஷிங்டன் நகரத்தின் கொடி இந்தச் சின்னமேதான்.

சேர்த்த செல்வம் நீண்ட காலம் நிற்கவில்லை. 1610-இல் லாரன்ஸின் பேரன் சல்கிரேவை ஓர் உறவினருக்கு விற்றுவிட்டார். அந்தப் பேரனின் மகனும் ஒரு லாரன்ஸ்தான். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துப் பாதிரியாராகி, எஸ்ஸெக்ஸில் பர்லீ என்ற ஊரின் திருச்சபையில் பணி செய்தார். அப்போது மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. லாரன்ஸ் மன்னர் பக்கம். 1643-இல், அவர் மதுக்கடையே கதியாகக் கிடக்கிறார் என்று குற்றம் சாட்டி நாடாளுமன்றத்தினர் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். வறுமையில் இறந்த அவர், 1653 தொடக்கத்தில் மால்டன் என்ற சிற்றூரில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மகன் ஜானுக்குத் தந்தை விட்டுச் சென்ற சொத்து என்று சொல்ல ஒன்றும் இல்லை. பெயர் மட்டும்தான்.

தரை தட்டிய கப்பல்

ஜான் வாஷிங்டன் 1656-இல் 'சீ ஹார்ஸ்' என்ற வணிகக் கப்பலில் அதிகாரியாகச் சேர்ந்து வர்ஜீனியாவுக்குப் போனார். புகையிலை ஏற்றி வருவதே பயணத்தின் நோக்கம். 1657 தொடக்கத்தில் சரக்கோடு திரும்பக் கிளம்பியபோது பொட்டோமாக் நதியில் கப்பல் தரை தட்டியது. புகையிலை நாசமானது. கப்பலைச் சரிசெய்வதற்குள் ஜான் அங்கேயே தங்கிவிடுவது என்று முடிவு செய்தார். உள்ளூர்ப் பண்ணையார் நத்தானியேல் போப்பின் மகள் ஆனை மணந்தார். மாமனார் 700 ஏக்கர் நிலம் கொடுத்தார். வியாபாரத்தில் நட்டம், வாழ்க்கையில் லாபம்!

ஆனால் அந்த லாபத்துக்கு வேறு சிலர் விலை கொடுத்தார்கள். 1675-இல் பூர்வகுடி மக்களுக்கு எதிராக நடந்த படையெடுப்பில் ஜான் வாஷிங்டன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். பேச்சுவார்த்தைக்கு வந்த அவர்களின் தலைவர்கள் கொல்லப்பட்டார்கள். சஸ்குவஹானாக் மக்கள் அவருக்கு 'கொனொட்டொகாரியஸ்' என்று பெயர் வைத்தார்கள். 'ஊர்களை அழிப்பவன்' என்பது போன்ற பொருள். பல ஆண்டுகள் கழித்து அவருடைய கொள்ளுப்பேரனுக்கும் பூர்வகுடிகள் இதே பெயரைச் சூட்டினார்கள். ஆக, இந்தக் குடும்பத்துக்குப் பரம்பரையாக வந்த பெயர்கள் இரண்டு!

அந்தக் கொள்ளுப்பேரன்தான் 1732 பிப்ரவரி 22-இல் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன்.

பிள்ளை இல்லாதவரின் பெயர்

ஜார்ஜ் வாஷிங்டனின் போர்களும் பதவிகளும் எல்லோருக்கும் தெரிந்தவை. அவர் தன் பெயரைப் பற்றி என்ன நினைத்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. அவர் ஜனாதிபதியாக இருந்தபோது, லண்டனில் குடும்பச் சின்னங்களுக்கான தலைமை அதிகாரியாக இருந்த ஐசக் ஹேர்ட் அவருடைய வம்சாவளியைக் கேட்டுக் கடிதம் எழுதினார். 1792-இல் எழுதிய பதிலில், தனக்குத் தெரிந்ததைக் குறிப்பிட்ட வாஷிங்டன், இந்த விஷயத்தில் தான் அதிக அக்கறை காட்டியதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். பிறப்பால் வரும் பெருமையை மறுத்துப் பிறந்த ஒரு குடியரசின் தலைவருக்கு அது பொருத்தமான பதில்தான்.

ஆனால் அவர் அக்கறை காட்டாத பெயரை நாடு பற்றிக்கொண்டது. 1791-இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, புதிய தலைநகருக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. 1889-இல் மேற்குக் கரையில் ஒரு மாநிலமே வாஷிங்டன் ஆனது. பள்ளிகள், தெருக்கள், சிற்றூர்கள் எத்தனையோ.

ஜார்ஜுக்குச் சொந்தப் பிள்ளைகள் கிடையாது. மவுண்ட் வெர்னான் பண்ணை அவருடைய தம்பி மகன் புஷ்ராட் வாஷிங்டனுக்குப் போனது. உச்ச நீதிமன்ற நீதிபதியான புஷ்ராட் 1821-இல் 54 அடிமைகளை லூசியானாவுக்கு விற்றார். குடும்பத்தின் கடைசி உரிமையாளர் 1858-இல் பண்ணையை 2 லட்சம் டாலருக்கு ஒரு பெண்கள் சங்கத்துக்கு விற்றார். அவரே 1861-இல், அமெரிக்காவைப் பிரிக்க நினைத்த தென்மாநிலப் படையின் அதிகாரியாகப் போரில் இறந்தார். நாட்டை உருவாக்கியவரின் குடும்பப் பெயர், நாட்டை உடைக்கும் படையிலும் இருந்தது.

கணக்குப் புத்தகத்தில் இல்லாத பெயர்

ஜார்ஜ் வாஷிங்டன் கணக்கு எழுதுவதில் மிகவும் கறாரானவர். 1799-இல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, மவுண்ட் வெர்னானில் இருந்த அடிமைகளின் பட்டியலைத் தன் கையாலேயே எழுதினார். மொத்தம் 317 பேர். பெயர், தொழில், வயது, மனைவி அல்லது கணவன் யார் என்ற விவரமெல்லாம் உண்டு. பெயர் என்றால் பெரும்பாலும் முதற்பெயர் மட்டும்தான். குடும்பப் பெயர் என்பது சொத்தைப் பிள்ளைக்குக் கைமாற்ற உதவும் கருவி. தானே சொத்தாக இருப்பவருக்குக் குடும்பப் பெயர் எதற்கு என்பதுதான் அந்தக் காலத்தின் கணக்கு.

அந்த 317 பேரில் சுமார் 40 பேர் வாடகைக்கு எடுக்கப்பட்டவர்கள். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் அவர் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் குடும்பத்துக்கு உரியவர்கள். தனக்குச் சொந்தமான மீதிப் பேரை மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு விடுவிக்க வேண்டும் என்று உயில் எழுதினார் ஜார்ஜ். மார்த்தா அதுவரை காத்திருக்காமல் 1801 ஜனவரி 1-இல் அவர்களை விடுவித்தார். மற்றவர்களுக்கு விடுதலை இல்லை. ஒரே வீட்டில் கணவன் சுதந்திர மனிதன், மனைவி அடிமை என்ற நிலை பலருக்கு.

இந்த உயிலுக்கெல்லாம் காத்திராமல் தன் விடுதலையைத் தானே எடுத்துக்கொண்ட ஒருவர் உண்டு. ஆப்பிரிக்காவின் காம்பியா பகுதியில் பிறந்து அடிமையாக்கப்பட்டவர் ஹாரி. 1763-இல் வாஷிங்டன் அவரை வாங்கி, சதுப்பு நிலத்தை வடிகட்டும் வேலைக்கு அனுப்பினார். 1771-இல் ஹாரி தப்பி ஓடினார். அவரைப் பிடிக்க விளம்பரம் செய்த செலவு 1 பவுண்டு 16 ஷில்லிங் என்று வாஷிங்டனின் கணக்கில் இருக்கிறது. ஹாரி பிடிபட்டார். 1776-இல் மறுபடியும் ஓடினார். இம்முறை பிரிட்டிஷ் படையிடம். கலகக்காரர்களின் அடிமைகள் வந்து சேர்ந்தால் விடுதலை என்று பிரிட்டிஷார் அறிவித்திருந்தார்கள். எஜமானர் எந்த விடுதலைக்காகப் போரிட்டாரோ, அதே விடுதலைக்காக ஹாரி எதிர்ப்படையில் சேர்ந்தார்.

போர் முடிந்து 1783-இல் பிரிட்டிஷார் நியூயார்க்கை விட்டுக் கிளம்பியபோது, தங்களுடன் வந்த கறுப்பின மக்களை ஒரு பேரேட்டில் பதிவு செய்தார்கள். அதில் 43 வயது ஹாரி வாஷிங்டன் இருக்கிறார். முன்பு ஜெனரல் வாஷிங்டனுக்கு உரியவர், 7 ஆண்டுகளுக்கு முன் விட்டு வந்தவர் என்ற குறிப்புடன். கப்பல் அவரைக் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குக் கொண்டுசென்றது. அங்கே குளிரும் வறுமையும் வாட்டின. 1792-இல் ஏறத்தாழ 1,200 பேருடன் ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் போய்ச் சேர்ந்தார்.

இங்கேதான் வரலாறு ஒரு வேடிக்கை செய்கிறது. சியரா லியோனை நடத்தியது லண்டனில் இருந்த ஒரு கம்பெனி. இலவச நிலம் என்று சொல்லி அழைத்து வந்துவிட்டு, ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆண்டு வாடகை கேட்டது. குடியேறியவர்கள் எதிர்த்தார்கள். 1800 செப்டம்பரில் அது கலகமாக வெடித்தது. விசாரிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டவர்களில் ஹாரி வாஷிங்டனும் ஒருவர். தூரத்து லண்டன் தங்கள் மேல் விதித்த வரியை எதிர்த்து ஒரு வாஷிங்டன் போராடி வெற்றி பெற்றார், தேசத்தந்தை ஆனார். இன்னொரு வாஷிங்டன் அதையே செய்து தோற்றார், கலகக்காரர் ஆனார். ஜார்ஜ் இறந்து ஓர் ஆண்டு முடிவதற்குள் இது நடந்தது.

வகுப்பறையில் பிறந்த பெயர்

1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்து சுமார் 40 லட்சம் பேர் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டார்கள். கூலி ஒப்பந்தம், திருமணப் பதிவு, ராணுவ ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் இப்போது இரண்டு பெயர்கள் தேவைப்பட்டன. விடுதலை பெற்றவர்களுக்காக அதே ஆண்டு தொடங்கப்பட்ட 'ஃப்ரீட்மென்ஸ் சேமிப்பு வங்கி'யில் கணக்குத் திறக்கும்போது, பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்களைக்கூடக் கேட்டு எழுதினார்கள். 1874-இல் வங்கி திவாலாகி ஏழைகளின் பணம் போனது. ஆனால் அந்தப் பேரேடுகள் இன்று பல கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் முன்னோரைத் தேடும் ஆவணமாக இருக்கின்றன.

எஜமானரின் பெயரையே அடிமைகள் ஒட்டிக்கொண்டார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். பலர் எஜமானருக்குத் தெரியாமல் தங்களுக்குள் குடும்பப் பெயர் வைத்திருந்தார்கள். விற்கப்பட்ட தந்தையையோ தாத்தாவையோ நினைவில் வைத்துக்கொள்ள அது ஒன்றே வழி. சிலர் முற்றிலும் புதிய பெயர் சூடினார்கள். வாஷிங்டன் என்ற பெயரைக் கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு மவுண்ட் வெர்னானுடன் எந்தத் தொடர்பும் இருந்திருக்க முடியாது. அவ்வளவு அடிமைகள் அங்கே இருந்ததே இல்லை.

மிகவும் புகழ்பெற்ற உதாரணம் புக்கர் டி. வாஷிங்டன். 1856-இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பிறகு மேற்கு வர்ஜீனியாவில் உப்பு உலையில் வேலை செய்துகொண்டே பள்ளிக்குப் போனார். முதல் நாள் ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்கிறார். மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டு பெயர்கள். தனக்கோ புக்கர் என்ற ஒரே பெயர். தன் முறை வருவதற்குள் யோசித்து, 'புக்கர் வாஷிங்டன்' என்று அமைதியாகச் சொல்லிவிட்டார். 1901-இல் வெளியான தன் சுயசரிதையில் இதை அவரே எழுதியிருக்கிறார். அவருடைய மாற்றாந்தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன். அந்தப் பள்ளி இருந்த ஊரின் பெயர் மால்டன். ஆங்கிலத்தில் எழுத்து சற்று மாறினாலும், பர்லீ பாதிரியார் புதைக்கப்பட்ட ஊரின் பெயரும் காதுக்கு அப்படித்தான் ஒலிக்கும்!

அந்தச் சிறுவன்தான் 1881-இல் டஸ்கீகி கல்வி நிலையத்தின் முதல் தலைவரானார். 1901 அக்டோபரில் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் அவரை வெள்ளை மாளிகைக்கு இரவு விருந்துக்கு அழைத்தார். ஒரு கறுப்பின மனிதருடன் ஜனாதிபதி ஒரே மேசையில் உணவருந்தினார் என்று தென்மாநிலப் பத்திரிகைகள் கொதித்தன. அவர்கள் எதிர்த்த மனிதரின் பெயரும், விருந்து நடந்த நகரத்தின் பெயரும் ஒன்றேதான்.

1967-இல் அந்த நகரத்தின் நிர்வாகத் தலைவராக நியமிக்கப்பட்டு, 1975-இல் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயராகப் பதவியேற்றவர் வால்டர் வாஷிங்டன். 1983-இல் சிகாகோவின் முதல் கறுப்பின மேயரானவர் ஹெரால்டு வாஷிங்டன். நடிகர் டென்சல் வாஷிங்டனைச் சொல்லவே வேண்டாம்.

பெயர் யாருக்குச் சொந்தம்?

பெயர் பிறந்த வட இங்கிலாந்து ஊர் பின்னாளில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் ஊரானது. குடும்பம் வாழ்ந்த இடத்தில் நின்ற பழைய மாளிகை பல ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் ஒண்டுக் குடித்தன வீடாகிச் சிதைந்தது. 1930-களில் இடிக்கப்பட இருந்த நிலையில் உள்ளூர் ஆசிரியர் ஒருவரின் முயற்சியால் தப்பியது. 1957 முதல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. 1977-இல் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் இந்த ஊருக்கு வந்தார்.

இந்த நீண்ட கதையைத் திருப்பிப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். முதல் வாஷிங்டனான வில்லியமுக்கும் இந்தப் பெயர் பிறப்பால் வரவில்லை. அவரும் ஒரு நாள் தன் பழைய பெயரை விட்டு இதை எடுத்துக்கொண்டவர்தான். அவருக்கு நிலம் கிடைத்தது, கூடவே பெயரும் வந்தது. புக்கருக்கு நிலம் இல்லை, பணம் இல்லை, பிறந்த தேதிகூடத் தெரியாது. வருகைப் பதிவில் சொல்ல ஒரு பெயர் வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டார்.

ரத்த உறவை வைத்துப் பார்த்தால் இது ஒரு சில ஆங்கிலேயக் குடும்பங்களின் பெயர். இன்று இந்தப் பெயரில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை வைத்துப் பார்த்தால், இது பெயரே மறுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சொந்தமான பெயர். போல்டன் புத்தகத்தில் எழுதப்பட்ட உரிமைக்குக் குறைந்ததல்ல, அந்த மால்டன் பள்ளிக்கூடத்தில் ஒரு சிறுவன் வாய்விட்டுச் சொன்ன உரிமை.